குடத்துக்காரியின் நாற்பத்தேழாவது பகுதி

சண்முகக்கனியின் மகள் இறந்த பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலே முக்கால் மணிக்கு, கழுகாசலபுரம் யூனியன் ஹாலில் நடந்துகொண்டிருந்த 'வண்டி வரும் நேரம்' நாடகத்தின் இரண்டாம் காட்சியில், இடுப்பில் குடத்தோடு வலது பக்கமிருந்து வந்து இடது பக்கமாகப் போய்விட வேண்டிய பெண் போகவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நாடகத்தில் பெயர் கிடையாது. நோட்டீசின் கடைசி வரியில், லைட் போடுகிறவர் பெயருக்கும் கீழே, 'குடம் சுமந்த பெண்: விஜயராணி' என்று இருக்கும். ஒரு கிணற்றுக்காகச் சண்டை போட்டு, கோர்ட்டுக்குப் போய், கடைசியில் கிணறே வற்றிய பிறகு தண்ணீர் லாரிக்காக ஒரே வரிசையில் நிற்கும் அண்ணன் தம்பியின் கதை அது. சப் போஸ்ட்மாஸ்டர் தனுஷ்கோடி எழுதி, அவரே அண்ணனாக நடித்து, மாதத்தின் முதல் ஞாயிறுதோறும் நாலு வருஷமாகப் போட்டுவந்தார். அண்ணனும் தம்பியும் வாய்ச்சண்டையின் உச்சத்தில் இருக்கும்போது விஜயராணி குறுக்கே போவாள், "தண்ணி வந்துட்டு, ஓடியாங்க!" என்பாள், போய்விடுவாள். மற்ற நாட்களில் அவள் பால் சொசைட்டியில் பால் அளந்து ஊற்றுகிறவள், இரண்டு பிள்ளைகளின் தாய், ஒரு வரிக்கு மேல் மனப்பாடம் ஆகாது என்பதாலேயே அந்த வேடத்தைக் கேட்டு வாங்கியவள்.

அன்றைக்கும் அந்த ஒரு வரியைச் சொன்னாள். சொல்லிவிட்டு நின்றாள். பச்சை பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டு, கூட நடந்து வருகிற ஆளிடம் பேசுகிற மாதிரி ஹாலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

"எம் பேரு இசக்கி. நாலு வருசமா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போறேன், எவரும் பேரு கேட்டது கிடையாது. குடத்தைத் தூக்கிக்கிட்டு எந்த வீட்டுக்குப் போறேன்னும் கேட்டது கிடையாது. இன்னைக்குச் சொல்லுதேன். மொத வீடு டீச்சரம்மா வீடு."

இருபத்திரண்டு நிமிஷம் பேசினாள். தம்பியை அடிக்க ஓங்கிய கையோடு நின்றிருந்த தனுஷ்கோடி கொஞ்ச நேரம் பொறுத்துக் கையை இறக்கினார், இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்து அட்டைக் கிணற்றின் விளிம்பில் உட்கார்ந்தார். தம்பியாக நடித்த கேஸ் ஏஜென்சி சுடலைமணியும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். டீச்சரம்மா வீட்டில் யாரும் குடிக்காத ஒரு தம்ளர் தண்ணீர் தினமும் ஜன்னலோரம் வைக்கப்படுவது ஏன் என்று சொல்லி முடித்து, குடத்தை மாற்று இடுப்புக்குக் கொண்டுபோய், விஜயராணி இடது பக்கமாகப் போனாள். தனுஷ்கோடி எழுந்து, கையை ஓங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வீட்டுக்குப் போகிற வழியில் ஜனங்கள் பேசிக்கொண்டதெல்லாம், அந்த டீச்சரம்மா கதை நன்றாக இருந்தது, அடுத்த வீடு யாருடையதாக இருக்கும் என்பதுதான்.

பின்வரிசையில் ஒரே ஒரு பெண் மட்டும் எழுந்து நின்றுவிட்டிருந்தாள். அவள் பெயர் ஜோஸ்பின், காலேஜ் இரண்டாம் வருஷம். விஜயராணி பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு முன்கூட்டியே தெரியும். அது கதை எழுதும் செயலி ஒன்றில் 'சாம்பல்சிட்டு' என்ற பெயரில் அவள் தோழி எழுதிய 'குடத்துக்காரி' தொடரின் முதல் பகுதி. தோழியின் நிஜப்பெயர் முத்தரசி. சண்முகக்கனியின் ஒரே மகள். மஞ்சள் காமாலை வந்து பதினோரு நாள் கிடந்து செத்துப்போனவள்.

மறுநாள் மத்தியானம் தீப்பெட்டி ஆபீஸின் சாப்பாட்டு நேரத்தில் ஜோஸ்பின் போய் நின்றாள். சண்முகக்கனி தீக்குச்சிகளைச் செருகிக் கட்டை அடுக்கும் சட்டத்தை மடியிலிருந்து இறக்காமலேயே சோறு தின்றுகொண்டிருந்தாள். லாரியோடு வடக்கே போன புருஷன் வடக்கேயே தங்கிவிட்ட பிறகு பதினாலு வருஷமாக அவள் மடியில் இருப்பது அந்தச் சட்டம்தான்.

"பெரியம்மா, முத்தரசி கதை எழுதுவான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன கதை?"

"ரசிகர் கதைன்னு சொல்லுவாங்க. ஒரு சினிமாவோ நாடகமோ பார்த்துட்டு, அதுல வர்ற ஆளை எடுத்து நாம மேல எழுதுறது. காலேஜ்ல ஒருநாள் அந்த நாடகம் போட்டாங்க. அதுக்கப்புறம் அவ ஒம்பது தடவை போய்ப் பார்த்தா. கூட்டத்துல அவளுக்கு மட்டும்தான் அந்தக் குடத்துக்காரி மேல கண்ணு."

"அடுத்தவங்க கதையையா எழுதினா?"

"அவங்க விட்டுட்டுப் போன ஆளை எழுதினா பெரியம்மா."

சண்முகக்கனி கையைக் கழுவினாள். தன் மகள் எந்நேரமும் போனைத் தடவிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதற்காகத் திட்டியிருக்கிறாள், யாரோ ஒரு பயல் என்று சந்தேகப்பட்டிருக்கிறாள், ஒருமுறை அடித்தும் இருக்கிறாள். அந்தப் பயல் ஒரு குடம் சுமந்த பெண் என்று அவளுக்குத் தெரியாது.

"எத்தனை எழுதியிருக்கா?"

"நாற்பத்தாறு பகுதி. வேணும்னா எல்லாத்தையும் ஒரே நாள்ல வாசிச்சுக் காட்டுதேன்."

"வேண்டாம். ஒரே நாள்ல தீர்த்துட்டா மறுநாள் நான் என்ன செய்ய?"

அடுத்த ஞாயிறு நாடகம் கிடையாது. ஆனால் நாலே முக்காலுக்கு விஜயராணி, அடுப்பில் கொதிக்கிற குழம்பை அப்படியே விட்டுவிட்டு, வீட்டுக் குடத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு, நாலு தெரு நடந்து, பூட்டிக்கிடந்த யூனியன் ஹால் வாசலில் வந்து நின்றாள். வாட்ச்மேன் சாவி கொண்டுவந்து திறக்க, அவளாகவே மேடையேறி இரண்டாம் பகுதியைச் சொன்னாள். கேட்டவர்கள் எட்டுப் பேர், அதில் ஒருவர் ஐஸ் விற்க வந்தவர். அன்றிலிருந்து, வெறும் மேடையில் அவளை நிற்கவைப்பது மரியாதை இல்லை என்று, தனுஷ்கோடி வாராவாரம் நாடகத்தைப் போடலானார்.

மூன்றாவது ஞாயிறு சண்முகக்கனி போனாள். மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். விஜயராணியின் குரல் விஜயராணியின் குரலாகத்தான் இருந்தது, பால் சொசைட்டியில் அரை லிட்டரா ஒரு லிட்டரா என்று கேட்கிற அதே கட்டைக் குரல். ஆனால் ஒரு பேச்சை ஆரம்பிக்கும் முன்னால் எச்சிலை விழுங்கி "ம்ஹும்" என்றது முத்தரசி. முக்கியமான இடம் வரும்போது வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுவது முத்தரசி. சண்முகக்கனி புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைசிவரை கேட்டாள். கதை என்ன என்று அன்றைக்கு அவள் காதில் விழவில்லை.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அடுத்து என்ன என்றுதான் கேட்டார்கள். பூக்காரிகள் பஸ் ஸ்டாண்டை விட்டு ஹால் வாசலுக்குக் கடை மாறினார்கள். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிற பெண்கள் திங்கள் தொடங்கி சனி வரைக்கும், பூட்டிய வீட்டின் படியில் இசக்கி தினமும் குடத்தை வைப்பது யாருக்காக என்று சண்டை போட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை விடை கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை சமாதானமானார்கள். நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி, அனுமதி வாங்கிய நாடகத்தில் புதிதாக வசனம் சேர்த்தது எப்படி என்று விசாரிக்க வந்தார். ஒன்பதாம் பகுதி நடந்துகொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'நடிகர் எண்ணிக்கையில் மாற்றம் இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார். டாக்டர் விஜயராணியின் தொண்டையைப் பார்த்துவிட்டுத் தொண்டை சரியாக இருக்கிறது, இடுப்பில்தான் குடம் பதிந்த தழும்பு என்றார். மேடையை விட்டு இறங்கினால் அவளுக்கு ஒரு சொல்லும் ஞாபகம் இருக்காது. "இன்னைக்கு நல்லாப் பேசினேனா?" என்று புருஷன் அருணாசலத்திடம் கேட்பாள், அவன் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பைத் தானே வைக்கப் பழகிக்கொண்டான். சார்ஜாவில் நர்சாக இருக்கிற, முத்தரசியின் முதல் பகுதியிலிருந்து வாசித்த ஒருத்தி, லீவில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் பெட்டியோடு நேராக ஹாலுக்கு வந்தாள். செய்தி தெரியாத தூரத்து வாசகர்களோ செயலியில், 'அடுத்த பகுதி எப்போ போடுவீங்க சிட்டு?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

தனுஷ்கோடிக்குத்தான் முதலில் வருத்தம். தன் மேடையில், தான் எழுதாத வசனத்துக்கு, தான் வாங்காத கைதட்டல். ஐந்தாறு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் தபால் ஆபீஸ் முடிந்ததும் சண்முகக்கனியின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, நாலு வருசமா நாப்பத்தெட்டு தடவை அந்தப் பிள்ளை என்னைத் தாண்டிப் போயிருக்கா. எங்க போறான்னு நான் நினைச்சுப் பார்த்ததே இல்லை. பேருகூட வைக்காம விட்டுட்டேன். உம் மக கேட்டிருக்கா."

"உள்ள வாங்க அண்ணாச்சி," என்றாள் சண்முகக்கனி. அவர் உள்ளே வந்து, சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். ஒன்பது தடவை முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முகமாக அது அவருக்குத் தெரியவில்லை. அதற்கும் வருத்தப்பட்டார்.

பன்னிரண்டாம் பகுதியில் இசக்கியின் அம்மா வந்தாள். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற அம்மா. தீக்குச்சி மருந்து வாடை அடிக்கிற விரல், உட்கார்ந்தபடியே தூங்குகிற உடம்பு, எதைக் கேட்டாலும் "அதுக்கு இப்ப என்னங்கே?" என்கிற வாய். இசக்கி ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்கு மட்டும் போகாமல் சுற்றிச் சுற்றி வருவது அந்த வாய்க்குப் பயந்துதான் என்று விஜயராணி சொன்னபோது ஹால் முழுக்கச் சிரித்தது. தெரிந்தவர்கள் மூன்றாம் வரிசையைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினார்கள்.

"என்னைய ராட்சசின்னு எழுதி வச்சிருக்கா," என்று அன்றைக்கு வழியெல்லாம் சண்முகக்கனி சொல்லிக்கொண்டு வந்தாள். "நாலு நாட்டுக்காரன் வாசிக்கானாம். வயித்துல சுமந்ததுக்கு எனக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்திருக்கா."

ஜோஸ்பின் வீட்டு வாசல்வரை கூடவே நடந்தாள்.

அதற்கு அடுத்த இரண்டு ஞாயிறும் சண்முகக்கனி போகவில்லை. மூன்றாவது ஞாயிறு போனாள், மகள் தன்னை இன்னும் என்னவெல்லாம் சொல்லப்போகிறாள் என்று கேட்டுத்தான் ஆகவேண்டும் போலிருந்தது. முப்பத்தொன்றாம் பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பகுதியில் இசக்கி குடத்தோடு தன் வீட்டுப் பின்பக்கம் வருகிறாள், உள்ளே போகாமல் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். அம்மா பானையின் அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டி நின்றபடியே தின்கிறாள். நல்ல சோறு தட்டில் மூடியிருக்கிறது, அது மகளுக்கு. தின்றுவிட்டு, யாரும் இல்லை என்ற நினைப்பில், சின்னக் குரலில் ஒரு தாலாட்டை முனகிக்கொண்டே பானையைக் கழுவுகிறாள். 'அவ முகம் அப்போ பத்து வயசுப் பிள்ளை முகம் மாதிரி இருந்துச்சு. நான் உள்ள போனா அது போயிரும். அதனால வெளியவே நின்னேன்.'

சண்முகக்கனி அந்த வரியை உட்கார்ந்தபடி வாங்கிக்கொண்டாள். அவளை யாரோ பார்த்திருக்கிறார்கள். வாழ்நாளில் ஒரு ஆள், ஜன்னலுக்கு வெளியே நின்று, அவளைக் கலைக்கக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறது. அந்த ஆளை அவள் போனைத் தடவுகிறவள் என்று நினைத்திருந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு எண்ணிக்கைப் பயம் பிடித்தது. முப்பத்தைந்து, முப்பத்தாறு என்று ஏற ஏற, மகள் மறுபடியும் ஒவ்வொரு நாளாக இளைத்துக்கொண்டே வருகிறாள் என்று தோன்றியது. தனுஷ்கோடியிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, மாசத்துக்கு ஒருக்காப் போடுங்களேன். மெதுவாப் போகட்டும்."

"நான் நிறுத்தினாலும் அவ குடத்தை எடுத்துட்டு வந்துருவாளேம்மா."

"விஜயராணியை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பி வைங்க. பஸ்ல ஏத்தி விட்டா எப்படி வருவா?"

ஏற்றிவிட்டார்கள். நாற்பதாம் ஞாயிறு, நாலே முக்காலுக்கு, ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, மடியில் வைத்திருந்த தூக்குவாளியை இடுப்பில் வைத்து, விஜயராணி நாற்பதாம் பகுதியை ஐம்பது பயணிகளுக்குச் சொன்னாள். கண்டக்டர் விசில் அடிக்காமல் நின்றார். சண்முகக்கனி அந்த வாரம் முழுக்க வேலைக்குப் போகாமல் அந்தப் பயணிகளைத் தேடி அலைந்தாள். ஒரு வளையல்காரர் ஆரம்பத்தைச் சொன்னார். ஒரு கர்ப்பிணிப் பெண் நடுவில் அழுதுவிட்டதால் பாதியைக் கேட்கவில்லை என்றாள். ஒரு வாத்தியார் முடிவைச் சொன்னார், அது வேறு கதையின் முடிவு மாதிரி இருந்தது. ஜோஸ்பின் செயலியில் இருந்ததை வாசித்துக் காட்டினாள். எழுத்தெல்லாம் இருந்தது. அந்த "ம்ஹும்" இல்லை. ஒரு பகுதியை முழுசாகத் தொலைத்துவிட்டோம் என்று சண்முகக்கனிக்குப் புரிந்தது. அதன்பிறகு நிறுத்தச் சொல்லி அவள் யாரையும் கேட்கவில்லை.

நாற்பத்தாறாம் ஞாயிறு ஊரே வழியனுப்பத் தயாரானது. மேடைக்கு வாழை மரம் கட்டினார்கள். விஜயராணிக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்தார்கள். நாற்பத்தாறாம் பகுதியை அவள் சொல்லி முடித்ததும் ஜனங்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். நர்ஸ் சார்ஜாவுக்குத் திரும்பிப் போனாள். வாழை மரத்தை அவிழ்த்தார்கள்.

சண்முகக்கனி மட்டும் ஜோஸ்பினை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

"இல்லை பெரியம்மா, நாற்பத்தாறுதான். நான் பார்த்தேன்லா."

"போட்டது நாற்பத்தாறு. எழுதினது இன்னும் கொஞ்சம் இருக்கு." பீரோவைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு போனை எடுத்தாள். அது செத்து ரொம்ப நாளாகியிருந்தது. "காமாலை கண்ட எட்டாம் நாள். கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடக்கு, கை நடுங்குது, அப்பவும் இதை நோண்டிக்கிட்டுக் கிடந்தா. அம்மா ஒரே ஒரு வரிம்மா, முடிச்சிட்டுத் தாரேன்னா. எனக்கு வந்த ஆத்திரத்துல பிடுங்கிப் பூட்டி வச்சிட்டேன். அதுக்கப்புறம் மூணு நாள், அவ ஒரு வார்த்தை இதைக் கேக்கலை. நானும் குடுக்கலை."

ஜோஸ்பின் போனைத் தொடவில்லை. "அப்ப அடுத்த ஞாயிறு விஜயராணி அக்கா வருவாங்க," என்றாள்.

வந்தாள். யாரும் கூப்பிடாமலே, நாடகம் இல்லாத மேடையில், பச்சைக் குடத்தோடு ஏறினாள். செய்தி தெரிந்து ஹால் நிரம்புவதற்குள் பாதிப் பகுதி முடிந்திருந்தது. இதை வாசித்தவர் உலகத்தில் ஒருவரும் கிடையாது, ஜோஸ்பின்கூட. இசக்கி அன்றைக்கு எந்த வீட்டுக்கும் போகவில்லை. நாற்பத்தாறு பகுதியும் சுற்றிய குடத்தோடு நேராகத் தன் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றாள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே மருந்து வாடை. குடம் இடுப்பில் இருக்க, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, எச்சிலை விழுங்கி, "ம்ஹும்" என்றாள்.

"அம்மா, நான் உன்கிட்ட ஒண்ணு..."

அதோடு நின்றது. விஜயராணியின் வாய் திறந்தபடி இருந்தது. இல்லாத நிலையைப் பிடித்த கை காற்றில் நின்றது. ஐந்து நிமிஷம் போனது, அரைமணி போனது, அவள் அசையவில்லை. கண்கள் மட்டும் உயிரோடு இருந்தன.

திங்கட்கிழமையும் அப்படியே நின்றாள். பால் சொசைட்டி வாசலில் ஜனங்கள் வந்து பார்த்துவிட்டு, திட்டாமல், சொம்போடு திரும்பிப் போனார்கள். அருணாசலம் மேடையில் ஏறி அவளுக்கு மோர் புகட்டினான், அது இறங்கியது. பிள்ளைகள் இரண்டும் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதின. வாக்கியத்தை யாராவது முடித்துவைத்தால் அவள் நடப்பாள் என்று ஊர் தீர்மானித்தது. செயலியில் செய்தி போட்டார்கள். வாசகர்களெல்லாம் எழுதினார்கள், பினாங்கிலிருந்து, மட்டக்களப்பிலிருந்து, பக்கத்துத் தெருவிலிருந்து. வரிசையில் நின்று ஒவ்வொருவராக மேடையேறி அவளுக்கு முன்னால் வாசித்தார்கள். ஒண்ணு சொல்லணும், நான் ஒருத்தரை விரும்புறேன். ஒண்ணு கேக்கணும், அப்பா எங்க? ஒண்ணு தரணும், இந்தா தண்ணி. ஒண்ணு காட்டணும், ஒண்ணு மறைச்சிட்டேன், ஒண்ணு மறந்துட்டேன். தனுஷ்கோடியும் தன் பங்குக்கு நல்ல தமிழில் ஒரு முடிவு எழுதி வாசித்தார். ஒவ்வொன்றுக்கும், வெறுமையாக இருந்த பிளாஸ்டிக் குடத்தில் ஒரு கை தண்ணீர் ஊறியது. விஜயராணியின் இடுப்பு வளைந்தது, கை நடுங்கியது, வாய் மூடவில்லை.

சண்முகக்கனி மூன்றாம் வரிசையில்தான் இருந்தாள். எழவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். அந்த வாய் திறந்திருக்கும் வரைக்கும் முத்தரசி பேசப்போகிறவளாகவே இருக்கிறாள். மூடிவிட்டால் பேசி முடித்தவளாகிவிடுவாள். ஒரு வருஷமாக அவள் சேர்த்து வைத்ததில் மிச்சம் அந்தத் திறந்த வாய் ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அருணாசலம் அவள் முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, உங்களைக் குத்தம் சொல்லலை. எம் பொஞ்சாதி கை நீலம் பாரிச்சிட்டு. சின்னவன் அம்மா எப்ப வருவான்னு கேக்கான். அவளும் ரெண்டு பிள்ளைக்கு அம்மா அக்கா."

சண்முகக்கனி நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள். மகளைத் தேடித் தேடியே பார்த்துப் பழகிய அந்த முகத்தில், முதன்முறையாக, வலி தாங்காமல் ஒழுகுகிற விஜயராணியின் கண்ணீரைப் பார்த்தாள். எழுந்தாள்.

மேடைப்படி ஏறத் தெரியாமல் ஒரு இடத்தில் தடுக்கி, ஜோஸ்பின் பிடித்துக்கொள்ள, ஏறினாள். இசக்கியின் வீடு எந்தப் பக்கம் இருக்கும் என்று பார்த்து, நிலைக்கு உள்ளே நிற்கிற மாதிரி அவளுக்கு எதிரே நின்றாள். என்ன சொல்ல வந்திருப்பாள் என்று யோசித்தாள். ஒரு வருஷமாக யோசித்ததுதான். மன்னிச்சிரும்மா என்றா, மன்னிச்சிட்டேன் என்றா, பசிக்குது என்றா? எதை எடுத்தாலும் அது தன் சொல்லாக இருந்தது, மகள் சொல்லாக இல்லை. மகள் சொல்லவந்தது மகளோடு போய்விட்டது. அதைத் தன்னால் எந்தக் காலத்திலும் தெரிந்துகொள்ள முடியாது என்பதை அந்த இடத்தில், அத்தனை பேர் முன்னால், அவள் முழுசாகத் தெரிந்துகொண்டாள்.

"ஏட்டி," என்றாள். இன்னொரு தடவை, "ஏட்டி முத்தரசி. நீ முடிக்கதுக்குள்ள பிடுங்கினவ நான்தான். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொன்னதா வச்சுக்கிடுதேன். எறக்கி வைம்மா. போதும்."

இரண்டு கையையும் நீட்டி, வாசலில் வந்து நிற்கிற பிள்ளையின் இடுப்பிலிருந்து வாங்குகிற மாதிரி, குடத்தை வாங்கினாள். விஜயராணியின் வாய் மெல்ல மூடியது. ஒரு நீண்ட மூச்சு வந்தது. கை கீழே இறங்கியது. அவள் சண்முகக்கனியைப் பார்த்து, யாரென்று அடையாளம் தெரிந்து, "அக்கா, மணி என்ன? சொசைட்டி திறக்கணுமே," என்றாள். பிறகு கால் மடங்கி விழுந்தவளை அருணாசலம் தாங்கிக்கொண்டான்.

குடம் கழுத்துவரை நிறைந்திருந்தது. ஜனங்கள் ஆளுக்கு ஒரு வாய் கேட்டார்கள். சண்முகக்கனி எல்லாருக்கும் ஊற்றினாள். சாதாரணத் தண்ணீர், அந்த ஊர்த் தண்ணீருக்கு உரிய லேசான உப்போடு. கடைசியில் அவளுக்கு மிச்சம் இல்லை.

மறுமாதம் முதல் ஞாயிறு தனுஷ்கோடி நாடகத்தைப் போட்டார். விஜயராணி வலதிலிருந்து வந்தாள், ஒரு வரி சொன்னாள், இடதில் போய்விட்டாள். நோட்டீஸில் 'இசக்கி' என்று அச்சாகியிருந்தது. அண்ணனும் தம்பியும் சண்டையைத் தொடர்ந்தார்கள். ஹாலில் கொஞ்சப் பேர் பெருமூச்சு விட்டார்கள்.

சண்முகக்கனி அன்றைக்குப் போகவில்லை. வீட்டில் துணியை மடித்துக்கொண்டிருந்தவள், கடிகாரம் நாலே முக்கால் காட்டியபோது புடவையைச் சரிசெய்துகொண்டு கிளம்புவதற்கு எழுந்தாள், வாசல்வரை வந்தாள், போகிற இடம் இல்லை என்று அப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைக் கொண்டுவந்த அன்றும் வராத, பதினாறாம் நாளும் வராத, நாற்பத்தேழு ஞாயிறுகள் தள்ளிப்போட்ட அழுகை அவளுக்குள்ளிருந்து புறப்பட்டு வந்தது. சத்தமாக, வெட்கமில்லாமல், மகள் பெயரைச் சொல்லி அழுதாள்.

எதிர்வீட்டில் யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். பிறகு அதற்கு அடுத்த வீட்டில். குழாயடியில் பெண்கள் குழாயை மூடினார்கள். சைக்கிளில் வந்தவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போனான். வீடு வீடாக அந்தத் தெரு ஓசையை அடக்கிக்கொண்டே வந்து, கடைசியில் அவள் குரல் ஒன்றுதான் கேட்டது. எல்லாரும் இருந்த இடத்திலேயே நின்று, முடியும்வரை கேட்டார்கள்.